சுமைதாங்கிக்குப் பூட்டு

ஜனவரி 6, திங்கள்

மூடிப்போன பள்ளிக்கூடத்தை மறுபடி திறந்துவிட்டார்கள். படிக்கப் பிள்ளைகள் இல்லையென்று பூட்டியதை, வேடிக்கை பார்க்க வெளியூர்க்காரர்கள் வருவார்கள் என்று திறக்கிறார்கள். பெயர்ப் பலகைகூட வந்து இறங்கிவிட்டது. ‘தும்பைக்குடிப்பட்டி பண்பாட்டுச் சுற்றுலா மையம்.’ பண்பாடு இந்த ஊரில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அரசு பஸ்ஸே நம் ஊரில் ஒழுங்காக நிற்பதில்லை, சுற்றுலாப் பஸ் நிற்குமாம்.

பஞ்சாயத்துத் தலைவர் ராசாக்கண்ணு வீடு தேடி வந்தார். “பெரியம்மா, சமையக்கட்டு ஒங்க பொறுப்பு. வர்றவங்களுக்கு நம்ம ஊருச் சாப்பாடு போடணும். ஒங்கள விட்டா ஆளில்ல” என்றார். நான் ஓய்வு பெற்றபோது ஒரு சால்வை போர்த்தக்கூட வராத ஆள். ஆனாலும் சரி என்றுவிட்டேன். அந்தச் சத்துணவுக் கூடத்தில் எத்தனை வருஷம் வெந்திருக்கிறேன்!

லூர்துமேரியும் வந்தாள். அப்போதும் அவள்தான் எனக்கு உதவியாளர். இரண்டு பேரும் உள்ளே போனோம். சுவரில் எங்கள் அடுப்புக் கரி அப்படியே இருக்கிறது. முட்டை போடும் நாளில் பிள்ளைகள் தட்டைத் தட்டிக்கொண்டு வரிசையில் நிற்கும் சத்தம் காதில் கேட்டது. “டீச்சரு, எனக்குப் பெரிய முட்டை” என்று ஒவ்வொன்றும் கேட்கும். என்னை டீச்சர் என்று கூப்பிட்டது அந்தக் குட்டிகள் மட்டும்தான்.

சாயங்காலம் பஸ் நிறுத்தத்துப் பெட்டிக்கடையில் கீரை வாங்கிக்கொண்டு வரும்போது வழக்கம்போல் சுமைதாங்கிக் கல்லில் பையை இறக்கிவைத்து நின்றுவிட்டு வந்தேன். முழங்கால் வலி. வேறொன்றுமில்லை.

ஜனவரி 9, வியாழன்

மையத்தைக் கட்டி நடத்தப்போகிற பெண் வந்திருக்கிறாள். மிருதுளா என்று பெயர், கோயம்புத்தூர். பழைய கட்டடங்களைப் பற்றிப் படித்தவளாம். தலையில் தொப்பி, முதுகில் பெரிய மூட்டை.

“பாட்டி, இந்த அடுப்பு எந்தக் காலத்துதுங்க?” என்றாள் வந்ததும்.

“பாட்டியா? என் மகளுக்கே இன்னும் தலை நரைக்கல. அம்மான்னு கூப்பிடு, இல்லாட்டி பேரச் சொல்லு” என்றேன். செங்கமலம்மா என்று மாற்றிக்கொண்டாள். நல்ல பெண்தான். ஆனால் கண்ணில் பட்டதையெல்லாம் போட்டோ எடுக்கிறாள். லூர்துவின் துடைப்பத்தைக்கூட எடுத்தாள்.

சாயங்காலம் என்னோடு கூடவே நடந்து வந்தாள். நான் கல்லில் பையை வைத்ததும் நின்றுவிட்டாள். “ஏங்கம்மா, ரெண்டு கட்டுக் கீரைதான இருக்குது? இதையா இறக்கி வைக்கறீங்க?”

“முழங்கால் வலி.”

பையைப் பார்த்தாள், என் காலைப் பார்த்தாள். பிறகு கல்லைப் போட்டோ எடுத்தாள். ஆள் தோள் உயரத்துக்கு இரண்டு கல் நட்டு, மேலே ஒரு கல் குறுக்கே படுக்கப் போட்டது. அதில் எடுக்க என்ன இருக்கிறது?

ஜனவரி 14, பொங்கல்

திருப்பூரிலிருந்து மகள் வரவில்லை, போனில் பேசினாள். இவர் கோயிலுக்கு வாய்க்கால் கரை வழியாகவே சுற்றிப் போய் வந்தார். கல் இருக்கிற சாலையில் போனால் பாதித் தூரம்தான். கரையில் காற்று நன்றாக வருகிறதாம். இந்தக் காற்றுக் கதையைக் கல்யாணமானதிலிருந்து கேட்கிறேன்.

ஜனவரி 21, செவ்வாய்

இன்றைக்கு லூர்துவை நன்றாகத் திட்டிவிட்டேன்.

மிருதுளா ஒரு திட்டம் சொன்னாள். வருகிறவர்கள் பஸ் நிறுத்தத்தில் இறங்கியதும் தலையில் ஆளுக்கொரு சுமையை ஏற்றிவிடுவதாம். வைக்கோல் கட்டோ, கூடையோ, ஏதோ ஒன்று. கல் வரைக்கும் நடந்து, அங்கே இறக்கி, பெருமூச்சு விட்டு, கதையைக் கேட்டுவிட்டுச் சாப்பிட வருவார்களாம். “கதை என்னங்கம்மா? யாரு வெச்ச கல்லு இது?” என்றாள்.

நான் பருப்புக் கழுவிக்கொண்டிருந்தேன், கழுவிக்கொண்டே இருந்தேன். லூர்து சும்மா இருக்காமல், “அதுவா? இவுக அக்காவுக்கு வச்ச கல்லுல்ல!” என்று போட்டு உடைத்துவிட்டாள்.

அதற்குமேல் மறைக்க முடியுமா? சொன்னேன். வயிற்றில் பிள்ளையோடு ஒருத்தி செத்துப்போனால் அவள் சுமை இறங்காமலே போய்விடுகிறது. அவளுக்காக வழியில் ஒரு கல் வைப்பார்கள். தலைச்சுமையோடு வருகிறவன் இன்னொருவர் கை இல்லாமலே அதில் இறக்கி வைத்து இளைப்பாறலாம். யாராவது ஒருவர் அங்கே சுமை இறக்கினால், அவளுக்கும் கொஞ்சம் இறங்கும். இந்தப் பக்கத்தில் கடைசியாக வைத்த கல் பூங்காவனம் அக்காவுடையது. அதற்குப் பிறகு மினி பஸ் வந்துவிட்டது, ஆளாளுக்கு வண்டி வாங்கிவிட்டார்கள். இப்போது யார் தலையில் என்ன இருக்கிறது?

“அதனாலதான் நீங்க தினமும்...” என்று ஆரம்பித்தாள்.

“முழங்கால் வலின்னு சொன்னேன்ல” என்று எழுந்து வந்துவிட்டேன்.

ஜனவரி 22, புதன்

அக்கா நினைப்பாகவே இருக்கிறது. எழுதிவிட்டால் போகுமோ என்னவோ.

அக்கா சிரித்தால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். “பொம்பளப் பிள்ளையா இது!” என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். விறகு பொறுக்கப் போனால் என் கட்டிலிருந்து பாதியை உருவித் தன் கட்டில் சேர்த்துக்கொள்வாள். “ஒன் கழுத்து கொக்குக் கழுத்துடி, ஒடிஞ்சு கிடிஞ்சு போயிரும்” என்பாள். புதுக்கோட்டையில் சினிமா பார்க்க அப்பாவுக்குத் தெரியாமல் என்னைக் கூட்டிப்போனாள். படம் முடியும் முன்பே கடைசி பஸ்ஸுக்கு ஓடி வந்தோம். முடிவைத் தானே கட்டிவிட்டு வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தாள். பிற்பாடு அந்தப் படத்தை டிவியில் பார்த்தேன். அக்கா சொன்ன முடிவுதான் நன்றாக இருந்தது.

பிள்ளைக்கு நாள் நெருங்கியிருந்த நேரத்தில் போனாள். நல்ல மழை. மாட்டு வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குப் பாதி வழி போவதற்குள் முடிந்துவிட்டது. அப்பாதான் நார்த்தாமலைப் பக்கம் போய்க் கல் கொண்டுவந்து நிறுத்தினார். மறுவருஷம் என்னை அதே வீட்டுக்குக் கட்டிக்கொடுத்தார்கள், அக்கா புருஷன் அடைக்கலத்துக்கே. அதுவரை அத்தான் என்று கூப்பிட்டவரை அதற்குப் பிறகும் அத்தான் என்றுதான் கூப்பிடுகிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை. மகள் வயிற்றில் இருந்தபோது ஒரு குடம் தண்ணீர் தூக்கவிட்டதில்லை. ஊரே சிரிக்கச் சிரிக்க, ஆம்பளை தோளில் குடத்தை வைத்துக்கொண்டு குளத்துக்கும் வீட்டுக்கும் நடந்தார். இப்படி ஒரு மனுஷன் எவளுக்குக் கிடைப்பான்?

அக்கா பெயரை மட்டும் வீட்டில் அவர் வாயால் கேட்டதில்லை.

பிப்ரவரி 3, திங்கள்

திறப்பு விழா 23ஆம் தேதி. பெரிய அதிகாரி ஒருவர் வருகிறார். ராசாக்கண்ணு ஆள் விட்டுச் சாலையெல்லாம் சுத்தம் செய்கிறார். கல்லைக் கழுவி, மஞ்சள் பெயிண்ட் அடித்துச் சிவப்புப் பட்டை போட்டிருக்கிறார்கள். லெவல் கிராசிங் கேட்டுக்கு அடித்த மாதிரி இருக்கிறது. போகட்டும், வெயிலில் வெளுத்துவிடும். பை அடியில் மஞ்சள் ஒட்டிக்கொண்டது.

பிப்ரவரி 7, வெள்ளி

கல்லுக்குத் துணி சுற்றியிருக்கிறார்கள்! அரக்குப் பாவாடை, எலுமிச்சை மாலை, குறுக்குக் கல்லில் வெள்ளிக் கண்மலர் இரண்டு. யாரோ சூடம் ஏற்றியிருந்தார்கள். நான் பையை வைக்கப் போனேன். “ஏ ஆத்தா, சாமி மேலயா வைக்கிற?” என்று கீரைக்காரி சத்தம் போட்டாள். இன்றைக்கு மட்டும் பக்கத்தில் தரையில் வைத்தேன்.

வெள்ளிக் கண் என்னையே பார்த்தது. அக்கா கண் அப்படி இருக்காது. அவளுக்கு ஒரு கண் லேசாக ஓரம் போகும், அதுதான் அழகு.

பிப்ரவரி 11, தைப்பூசம்

சுற்றிலும் இரும்புக் கம்பிக் கூண்டு. முன்னால் ஒரு சின்னக் கதவு, கதவுக்குப் பூட்டு. ‘அருள்மிகு சுமைதாங்கி அம்மன்’ என்று போர்டு. ஆடு ஏறுகிறதாம், சாமி தீட்டுப்படுகிறதாம். பொம்பளைகள் வரிசையாகப் பொங்கல் வைத்தார்கள். நல்ல கூட்டம்.

பிப்ரவரி 12, புதன்

இன்றைக்குப் பையை எங்கும் இறக்கவில்லை. தோள் வலிக்கிறது.

பிப்ரவரி 14, வெள்ளி

ராசாக்கண்ணுவிடம் சண்டை போட்டேன். மையத்து வாசலிலேயே, ஆள்கள் பார்க்க.

“கம்பிய எடு. அது எங்க அக்கா கல்லு.”

“தெரியும் பெரியம்மா. தெரிஞ்சுதான செஞ்சேன்? ரோட்டுல கெடந்தவுகள சாமியாக்கி வச்சிருக்கேன். ஒங்க குடும்பத்துக்கு எவ்வளவு பெரும!”

“அவ சாமியாகலடா. பாரம் எறங்காமக் கெடக்குறா. நீ கம்பியப் போட்டுட்டா எவன் போயி எறக்குவான்?”

“இப்பல்லாம் யாரு சொம தூக்குறா? நீங்க ரெண்டு கட்டுக் கீரை வைப்பீக, அம்புட்டுத்தான். அம்மனா இருந்தா பஸ்ஸு நிக்கும். கூட்டம் வரும். ஊரு நல்லா இருக்குமா இல்லயா?”

பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். மிருதுளாவிடம் போனேன். அவள் முகம் தொங்கிப்போய் உட்கார்ந்திருந்தாள். “மக்க நம்பிக்கைல வெளியூர்க்காரி நான் கை வைக்கக் கூடாதுங்கம்மா. வீட்டு ஆம்பளைங்க யாராவது வந்து சொன்னா எடுக்கறேன்னு தலைவர் சொல்றாரு. இல்லாட்டி இங்க வாசல்லயே சிமெண்ட்ல மாதிரிக் கல்லு ஒண்ணு செஞ்சுக்கலாம், வர்றவங்க அதுல இறக்கட்டும்னு...”

“நெசக் கல்லுக்குப் பூட்டு, பொய்க் கல்லுல சொமையா!” என்று லூர்து விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. லூர்துவுக்கும் பாதியில் நின்றுவிட்டது. “செத்தவுக சாமியாகுறது புதுசா என்ன? நல்லதுன்னு நெனச்சுக்க அக்கா” என்றாள். எப்படி நினைத்துக்கொள்வது? சாமியிடம் எல்லோரும் பாரத்தைக் கொண்டுபோய்க் கொட்டத்தானே செய்வார்கள்? பிள்ளை வேண்டும், வேலை வேண்டும், கடன் தீர வேண்டும். எங்கள் அக்கா தலையில் இன்னும் எவ்வளவுதான் ஏற்றுவார்கள்!

பிப்ரவரி 18, செவ்வாய்

இவரிடம் கேட்டேன். மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார்.

“அத்தான், நீங்க ஒருவாட்டி வந்து தலைவர்கிட்டச் சொல்லுங்க. ஒங்க வார்த்தைக்குத்தான் எடுப்பாராம்.”

துண்டில் கையைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். “இருக்கட்டும்” என்றார்.

“என்ன இருக்கட்டும்? கூண்டா?”

“சாமியாவே இருக்கட்டும்டி. சாமிக்கு வலிக்காதுல்ல.”

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. என்னென்னவோ கத்தினேன். இத்தனை வருஷமாகக் கரை வழியாகச் சுற்றிப் போகிற கால் எனக்குத் தெரியாதா, ஒருநாளாவது ஒரு சுள்ளியைக் கொண்டுபோய் அவளுக்காக வைத்ததுண்டா என்றெல்லாம் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “அன்னிக்கி கடலைக் கொடி பிடுங்கிக் கட்டியிருந்துச்சு. மழை வருது, நனைஞ்சா போச்சு. ஒரு நடை நானும் தூக்குறேன்னா. வேணாம்னு சொன்னேன். சிரிச்சா. ஒனக்குத்தான் அவ சிரிப்புத் தெரியுமே. கட்ட அவ தலையில தூக்கி வச்சது இந்தக் கைதான் செங்கமலம். வரப்புல வழுக்கிட்டா. நான் தூக்கிவிட்டத நானே போயி எப்புடி எறக்குவேன்?”

எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. வழுக்கி விழுந்தாள் என்று தெரியும், கட்டோடு விழுந்தாள் என்று யாரும் சொன்னதில்லை. தண்ணீர்க் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்த மனுஷன் நினைவுக்கு வந்தார். நான் என்னவோ எனக்காக என்று ஊரெல்லாம் பெருமை பேசியிருக்கிறேன்.

ராத்திரிக்கு ரசம் மட்டும் வைத்தேன். இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

பிப்ரவரி 22, சனி

நாளைக்குச் சமையலுக்கு வெங்காயம் உரித்து வைத்தாயிற்று.

பிப்ரவரி 23, ஞாயிறு

கழுத்து வலியில் எழுத்து கோணல் மாணலாக வருகிறது. ஆனாலும் எழுதிவிட வேண்டும்.

காலையில் அரிசி, காய்கறி, பாத்திரம் எல்லாம் ஏற்றிய வண்டி பஸ் நிறுத்தத்திலேயே நின்றுவிட்டது. சாலையை அடைத்துப் பந்தல் போட்டிருக்கிறார்கள், சரியாகக் கல்லுக்கு எதிரே. இனி வண்டி வராது, தலையில்தான் கொண்டுபோக வேண்டும். பசங்களை வரச் சொல்வோம் என்றாள் லூர்து. எனக்குள் என்ன புகுந்ததோ தெரியாது. முந்தானையைச் சுருட்டிச் சும்மாடு வைத்துக்கொண்டு, “அந்த அரிசிச் சிப்பத்தத் தூக்கிவிடுடி” என்றேன்.

“கிறுக்கா ஒனக்கு? கழுத்து போயிரும்!”

“தூக்கிவிடு.”

நடந்தேன். கூண்டுக்கு முன்னால் வந்து நின்றேன். பந்தலில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நாலு பேர் இறக்கிவிட ஓடிவந்தார்கள்.

“யாரும் கை வைக்காதீக. எறக்க எனக்கு எடம் இருக்கு. கதவத் தொறங்க.”

ராசாக்கண்ணு வெள்ளை வேட்டியும் வியர்வையுமாக ஓடிவந்தார். “பெரியம்மா, இப்ப கார் வந்துரும். எம் மானத்த வாங்காதீக. எறக்குங்க மொதல்ல.”

“அதத்தான்டா நானும் சொல்றேன்.”

மிருதுளா பக்கத்தில் வந்து நின்றாள், முதுகு மூட்டையைக் கழற்றாமல். வெயில் ஏறியது. கழுத்து நரம்பு விண்விண்ணென்று தெறித்தது. விழுந்தாலும் இங்கேயே விழுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். லூர்து என்னைப் பார்த்தாள், செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு என் வீட்டுப் பக்கம் ஓடினாள்.

எவ்வளவு நேரம் நின்றேனோ. கூட்டம் விலகியபோதுதான் பார்த்தேன். இவர் வந்துகொண்டிருந்தார். இந்தச் சாலையில், நேராக, சட்டைகூடப் போடாமல்.

என் முகத்தைப் பார்க்கவில்லை. ராசாக்கண்ணு முன்னால் போய்க் கையை நீட்டினார். “தம்பி, சாவி.”

தலைவர் அவர் முகத்தைப் பார்த்தார். இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார்.

இவர் பூட்டைத் திறந்தார். பாவாடையை அவிழ்த்து ஒழுங்காக மடித்துக் கீரைக்காரி கையில் கொடுத்தார். கண்மலரைப் பிய்த்து அதன்மேல் வைத்தார். பிறகு என்னிடம் வந்து, என் தலையிலிருந்த சிப்பத்தை இரண்டு கையாலும் பிடித்தார். எழுபது தாண்டிய மனுஷன். உள்ளே கொண்டுபோய்க் கல்மேல் இறக்கினார்.

“எறக்கிட்டேன் பூங்காவனம்” என்றார்.

எல்லோருக்கும் கேட்டது. நான் அழுதேன், ஓவென்று, விவஸ்தை இல்லாமல். இத்தனை வருஷத்தில் என் பெயரை அவர் அப்படிச் சொன்னதில்லை என்று ஒரு நிமிஷம் பொறாமையும் வந்தது. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும். கழுத்து விட்டுப்போய் நான் தடுமாறியபோது மிருதுளா பிடித்துக்கொண்டாள்.

அவர் கல்லில் கை ஊன்றி நின்றார். கீழே உட்காரப் போகிறார் என்றுதான் நினைத்தேன். திரும்பி என்னைப் பார்த்தார்.

“வண்டியில இன்னும் என்ன இருக்கு?”

“காய்கறி மூட்டை இருக்கு. எண்ணெய் டின்னு, அண்டா...”

போய்விட்டார். ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தார். காய்கறி மூட்டையை இறக்கினார், நின்றார், எடுத்துக்கொண்டுபோய்ச் சமையல்கட்டில் வைத்தார். மறுபடி வந்தார். எண்ணெய் டின், அண்டா, தேங்காய்ச் சாக்கு. உதவிக்கு வந்தவர்களைக் கிட்டே விடவில்லை. காரில் வந்த அதிகாரி என்ன விசேஷம் என்று கேட்க, ராசாக்கண்ணு, “எங்க ஊரு வழக்கங்க ஐயா” என்று சமாளித்தார். அவரோடு வந்தவர்கள் ஆளுக்கொரு பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வரிசையில் நின்றார்கள். மிருதுளாவும் தன் முதுகு மூட்டையோடு நின்றாள். சாப்பாடு போட மூன்று மணி ஆகிவிட்டது. யாரும் குறை சொல்லவில்லை.

வண்டி காலியான பிறகும் இவர் நிற்கவில்லை. நான் கரண்டியோடு வாசலுக்கு வந்தபோது, அதையும் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு கல்லை நோக்கி நடந்தார்.